பெய்யாத மழையைத் தேடி

தைப்பிங்கில் மழை பெய்யக் காரணம் எதுவும் தேவையில்லை. மலேசியாவிலேயே அதிகம் நனையும் ஊர் எங்களுடையது. பகல் மூன்று மணிக்குள் மழை வருமா வராதா என்று காப்பிக்கடையில் பந்தயம் கட்டிய மனிதர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் பிறந்து, வானிலை அலுவலகத்தில் முப்பது வருடம் மழைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். என்னைப் போய், மழையே எட்டிப் பார்க்காத ஓர் ஊரில் "குறிப்பிட்ட நாளில் மழை பெய்ததா" என்று விசாரித்து வரச் சொன்னார்கள். பட்டன் கைபேசிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட காலம் அது.

சொன்னவர்கள் ஐரோப்பாவில் உள்ள ஒரு நிதியத்தார். புகையை விட்டு வானத்தைக் கெடுத்தவர்கள் ஒரு பக்கம், வாடுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று அவர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும். பல நாடுகளின் வறண்ட கிராமங்களில் தானியங்கி மழைமானிகளை நட்டார்கள். பருவமழை ஓர் அளவுக்குக் கீழே போனால் மனு, சிபாரிசு எதுவும் இல்லாமல் அடுத்த விதைப்புக்கு விதைநெல்லும் மாட்டுத்தீவனமும் ஊரில் வந்து இறங்கும். நல்ல திட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். மானிகள் அனுப்பும் எண்களை வீட்டிலிருந்தே சரிபார்ப்பது என் வேலை. எனக்கு அந்த ஊர்களின் முகம் தெரியாது. காலையில் காப்பியோடு கணினி முன் உட்கார்ந்தால் எண்கள் வரும், போகும். பல நாட்களில் அவற்றைத் தவிர வேறு யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு மானி சிக்கல் செய்தது. அக்டோபரில் ஒரு நாள் காலை ஐந்தே நிமிடத்தில் பேய்மழை. அதன் பிறகு தை வரைக்கும் தூறலோடு சரி. செயற்கைக்கோள் படத்தில் அன்று மேகமே இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிட மழையால் ஊர் அளவைத் தாண்டிவிட்டது, அதனால் உதவி கிடையாது. தலைமை அலுவலகம் மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தை அனுப்பியது. உண்மையிலேயே மழையா? அப்படியானால் உதவி இல்லை. கருவியில் பழுதா? அந்த நாளை அடித்துவிட்டு உதவி தரலாம். யாராவது கைவைத்தார்களா? ஊரையே திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். நேரில் பார்த்து ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எண்களைச் சரிபார்ப்பவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் மதுரையிலிருந்து பேருந்து. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து, நாரை உரித்து, கேட்காமலே என் கையில் ஒன்றைத் திணித்தார். மூன்று வாய் மென்ற பிறகுதான் ருசி பிடிபட்டது.

"எந்த ஊரு தாயி? பேச்சு ரேடியோல பேசுற மாதிரி இருக்கு."

"மலேசியா."

"வீட்டுக்காரரு வரலையா?"

கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று மதுரையிலேயே பார்த்துவிட்டேன். ஓட்டலில் மேசை துடைத்தவர் முதல் ஆட்டோக்காரர் வரை என் ஐம்பத்து நான்கு வயதுக்கு இரங்கினார்கள். எனவே இந்த அம்மாளிடம் ஒரு கணவரை உண்டாக்கினேன். ஆஸ்திரேலியாவில் இரண்டு பிள்ளைகளையும் பெற்றேன். மூத்தவள் டாக்டர். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். இறங்கும்போது, "பேரப்புள்ளைகளோட வா தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். பேருந்து கிளம்பிய பிறகு, இல்லாத அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கவில்லையே என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என் மேல் கோபம் வந்தது.

ராமநாதபுரத்தில் விடுதி அறை சுத்தமாக இருந்தது. குழாயில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. கீழே கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதன் தங்கைதான், ஆனால் அந்தத் தங்கைக்கு இவ்வளவு கோபம் கிடையாது. குண்டு மிளகாயின் காரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பரிமாறியவர், "ஒரு ஆளா? அந்த ஓரத்து டேபிளுக்குப் போயிருங்கம்மா, ஃபேமிலி வாராங்க" என்றார். இலையைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை. நிதியத்தின் உள்ளூர்க் கள அலுவலர் சேவியர் ஜீப்போடு வந்தார். தங்கச்சிமடத்துக்காரர். அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் படித்துக் கரையில் நின்றுவிட்டவர். வாலிநோக்கம் போகிற வழியில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. பிறகு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு முள் டயரில் ஏறியது. மாற்று டயரில் ஏற்கெனவே முள்.

"இங்கன முள்ளுக்குத்தான் மேடம் நல்ல வெளச்சல்" என்றார் சேவியர். ஜீப்பை விட்டுவிட்டு நடந்தோம்.

வழியெல்லாம் வயல்கள். இந்தப் பக்கத்தில் மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்களாம். அந்த வருடமும் விதைத்திருக்கிறார்கள். ஒரு சாண் வளர்ந்து காய்ந்த பயிரை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் கருவேலங்கட்டைகளை அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இப்போது அதுதான் பிழைப்பு என்றார் சேவியர். என் கணினியில் இந்த ஊர் "அளவைத் தாண்டியது" என்று பச்சை நிறத்தில் இருந்தது.

மழைமானி கண்மாய்க் கரையை ஒட்டிக் கம்பிவேலிக்குள் நின்றது. வேலிக்கு வெளியே துடைப்பத்தோடு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். பெயர் பாண்டியம்மா. கருவியைக் காவல் காத்துச் சுத்தமாக வைத்திருப்பது அவருடைய வேலை. ஆடு மாடு அண்டாமல், காக்கை உட்காராமல் பார்த்துக்கொள்வதற்கு மாதச் சம்பளம் உண்டு. வேலிக்குள் ஒரு புல் இல்லை. முப்பது வருடத்தில் நான் பார்த்த மழைமானிகளில் இவ்வளவு பளிச்சென்று ஒன்று இருந்ததில்லை.

"புனலுக்குள்ள எறும்பு கூடு கட்டும்க்கா. வாரம் ஒருக்க மூடியத் தொறந்து ஊதி விட்டுருவேன். அதத் தாண்டி உள்ளுக்க ஒண்ணத்தையும் தொட மாட்டேன்" என்றார்.

மூடியைக் கழற்றினேன். மேலிருந்து புனல் வழியாக வரும் தண்ணீர் ஒரு சின்ன வாளியில் நிறைந்து கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதுதான் கணக்கு. வாளி சரியாகவே வேலை செய்தது. ஆனால் புனலின் கழுத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். கம்பத்தின் பின்பக்கம் மூன்று சந்தனப் பொட்டுகளும் குங்குமமும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன.

"இது என்னது?"

"ஆயுத பூசைக்கு வச்சதுக்கா." அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பஸ்ஸுக்கு வைக்கிறாக, டிராக்டருக்கு வைக்கிறாக. என் தொழிலுக்கு இதானே? காலையிலயே மூணு செம்பு நல்ல தண்ணியில தலையோட கழுவி, பொட்டு வச்சு, கதம்பம் சாத்துனேன். உப்புத் தண்ணி பட்டாத் துரு ஏறிரும்ல. அதான் குடிக்கிற தண்ணியவே ஊத்துனேன்."

குடிக்கிற தண்ணீர் அந்த ஊரில் தள்ளுவண்டியில் நான்கு குடம் நான்கு குடமாக எங்கிருந்தோ வருவதை வழியில் பார்த்திருந்தேன். என் பேய்மழை அந்த மூன்று செம்புதான்.

அந்தத் தேதி ஒரு மாதமாக என் மேசையில் கிடந்தது. ஆயுத பூஜை என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு? அம்மா இருந்தவரை வீட்டில் தையல் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்காமல் அந்த நாள் போனதில்லை. அம்மா போன பிறகு எனக்கு எல்லா நாளும் ஒன்றுதான். வீட்டில் இன்னோர் ஆள் இருந்திருந்தால், "இன்றைக்குப் பூஜை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நானும் அந்த எண்ணைப் பார்த்த அன்றே சிரித்திருப்பேன்.

பாண்டியம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மூடியைத் திரும்ப மாட்டினேன். அவர் முந்தானையால் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

திரும்பி நடக்கும்போது சேவியரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மெசின் ரிப்பேருன்னு டிக் அடிச்சிருங்க மேடம். யாருக்கும் கெடுதல் இல்ல. ஊருக்கு நெல்லு வந்துரும். கைவச்சாங்கன்னு எழுதுனா அம்புட்டுப் பேரும் போச்சு."

"மெஷின் நன்றாகத்தானே இருக்கிறது?"

"மெசினுக்குப் பசிக்கவா போகுது?"

மறுநாள் ஞாயிறு. சேவியர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார். அவர் ஊரில் அன்று படகுகளும் கடலுக்குப் போகாது. அதனால் நான் மட்டும் ராமேஸ்வரம் போனேன். பாம்பன் பாலத்தில் போகும்போது பேருந்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். நானும் சாய்ந்தேன்.

அக்னி தீர்த்தத்தில் குடும்பம் குடும்பமாக முங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வடநாட்டுக் கூட்டத்தார் கேமராவை என்னிடம் நீட்டினார்கள். பதினோரு பேரையும் சட்டத்துக்குள் கொண்டுவர நான் பின்னால் போய்ப் போய் முழங்கால் வரை கடலில் நின்றேன். அவர்கள் நன்றி சொல்லிக் கேமராவை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு புரோகிதர், "யாருக்கும்மா திதி?" என்று கேட்டார். அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று சொல்லித் திதி கொடுத்தேன். எள்ளும் தண்ணீரும் கையை விட்டு இறங்கும்போது, எனக்கு இதைச் செய்ய ஒருவரும் இல்லை என்ற எண்ணம் வந்தது. வருத்தமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மதியம் தங்கச்சிமடத்தில் சேவியர் வீட்டில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையில் வேலைதான் கூடாது, விருந்தாளி கை நனைக்காமல் போகக்கூடாதாம். அவர் மனைவி ஸ்டெல்லா புளியைக் குறைத்துத் தேங்காய் அரைத்த மீன் குழம்பை மூன்று தடவை ஊற்றினார். என் வேலை என்ன என்று விசாரித்தார். சொன்னேன்.

"மழை பெய்யலன்னா நெல்லு குடுப்பாக. சரி. கடல்ல மீன் படலன்னா? கரைய அரிச்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா? அதுக்கு எங்கன மெசின் நட்டு வச்சிருக்காக?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"வச்சாச் சொல்லுங்க. நான் நல்லாக் கழுவி வச்சுக்கிறேன்" என்று சிரித்தார். சேவியர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மனிதர் என்று தெரிந்தது. அப்படிச் சொல்ல ஒரு வீடு இருப்பது நல்லதுதான்.

விடுதிக்குத் திரும்பிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்தேன். கருவிப் பழுது. பேருந்தில் கணவரையும் பிள்ளைகளையும் உண்டாக்கியவளுக்கு ஒரு பழுதை உண்டாக்குவதா பெரிய காரியம்?

திங்கட்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியது. ஊர் ஒப்புதல் இல்லாமல் படிவம் செல்லாது. தலைவர் கருப்பையா முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண்கள் தூணோரம் நின்றார்கள். பாண்டியம்மா கடைசியில். அக்டோபரில் ஒரு நாள் காலை கருவி பலத்த மழையைக் காட்டியது என்றும், அதனால்தான் நெல் வரவில்லை என்றும் சொன்னேன்.

"என்னைக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

தேதியைச் சொன்னேன். ஆயுத பூஜை என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"அன்னைக்கு ஒரு பொட்டுக்கூட விழுகலையே! காய்ஞ்சு கெடந்துச்சு" என்றார் கருப்பையா. "மெசின் பேதலிச்சிருச்சு தாயி. ரிப்பேருன்னு எழுதிக்க. ஊரே கையெழுத்துப் போடுது."

"போடுறோம், போடுறோம்" என்று சத்தம் எழுந்தது. நான் பேனா மூடியைத் திறந்தேன். சேவியர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆயுத பூசைல்ல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாண்டியம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணுவதை நிறுத்தினார். "யக்கா, நான் ஊத்துன தண்ணியவா அது மழைன்னு எழுதிருச்சு?"

நான் கையிலிருந்த பேனாவைக் குனிந்து பார்த்தேன். அவருக்கு அதுவே பதிலாகப் போய்விட்டது.

"மூணு செம்பு ஊத்துனேன். நாந்தான் ஊத்துனேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏய், வாய மூடு" என்றார் கருப்பையா. "நீ ஊத்துனது யாருக்குத் தெரியும்? தாயி, நீ எழுது."

"எழுதாதீங்கக்கா. அது பேதலிக்கல. ஊத்துனத ஒழுங்கா அளந்துச்சு. இன்னைக்கு அதப் பொய்யின்னு நம்மளே சொல்லிட்டு, அடுத்த வருசம் காஞ்சு போச்சுன்னு அது சொன்னா வெள்ளக்காரன் நம்புவானா? நம்ம நெல்லுக்கு அது ஒண்ணுதானே சாட்சி."

"ஊரையே நீக்கிருவாகளாம்டி, கைவச்சதுன்னு தெரிஞ்சா!" என்று ஒரு பெண் கத்தினாள். இது எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியும். சேவியர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டியம்மாவின் முகம் செத்துப் போனது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

நான் பேனாவை மூடினேன். மூன்று கட்டத்திலும் டிக் அடிக்கப் போவதில்லை, நடந்ததை நடந்தபடி கடிதமாக எழுதப் போகிறேன், ஊற்றியவர் கையெழுத்து மட்டும் வேண்டும் என்று சொன்னேன். ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார். பிறகு எல்லோரும் போனார்கள். பாண்டியம்மா உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். மெய்யெழுத்துப் புள்ளியை மறக்காமல் வைத்தார்.

ஜீப் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க ஊரை நீக்கிருவாகளாக்கா?"

"தெரியவில்லை. விடாமல் எழுதுகிறேன்."

"உங்களுக்கு எத்தன புள்ளைக?"

"எனக்கு யாரும் இல்லை பாண்டியம்மா. தனி ஆள்தான்."

அவர் இரங்கவில்லை. "எனக்கும் ஒரு மகதான். கட்டிக் குடுத்துட்டேன். வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு" என்றார். ஜீப் கிளம்பும்போது கண்மாய்க் கரைப் பக்கமாக நடந்தார். ஆடுகளை விரட்டும் நேரம் அது.

தைப்பிங்கில் நான் வந்து இறங்கிய அன்றும் மழை. அன்றே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். ஏமாற்ற நினைப்பவர் தன் ஊருக்கு வரும் நெல்லைத் தானே கெடுத்துக்கொள்ளும்படி தண்ணீர் ஊற்றுவாரா என்று கேட்டேன். உலகத்தில் எந்தக் கருவிக்கும் இதைவிட நல்ல காவல் கிடைக்காது என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே எழுதினேன். வைகாசியில் பதில் வந்தது. அன்றைய அளவை நீக்க ஒப்புக்கொள்கிறோம். ஊர் திட்டத்தில் தொடரும். ஆனால் கருவிக் காவலரை மாற்ற வேண்டும்.

எதிர்த்து எழுதினேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

ஆவணியில் ஒரு காலை சேவியர் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேடம், நெல்லு வந்து இறங்கிருச்சு! பள்ளிக்கூட வராந்தா பூரா மூட்டைதான். கருப்பையா அய்யா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"பாண்டியம்மா?"

"காவல் வேலைய அய்யாவோட மருமகளுக்குக் குடுத்தாச்சு. இவங்க கரிமூட்டத்துக்குப் போறாங்க. லாரி வந்தப்ப ஓடியாந்து நின்னு பாத்தாங்க மேடம். ரெண்டு மூட்டைய இறக்கக்கூடக் கை குடுத்தாங்க."

"அவர் பங்கு நெல்லை வாங்கிக்கொண்டாரா? யாரும் தகராறு செய்யவில்லையே?"

சேவியர் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து பேசினார்.

"அவங்களுக்கு ஏது மேடம் பங்கு? பட்டா இருக்கவங்களுக்குத்தானே நெல்லு. அவங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. காலமெல்லாம் அடுத்தவுக வயல்ல கூலிக்குத்தான்."

பக்கம் பக்கமாக அத்தனை எழுதியும், அவருக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சேவியர் "ஹலோ, மேடம், கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.